கழுவாத தாள்

தாளில் ஒரு பல்லி இருந்தது.

ஆவுடையப்பன் அதைத் தட்டிவிடத்தான் பார்த்தார். பல்லி ஓடவில்லை. இன்னொரு தட்டு தட்டியதும் கட்டைவிரலில் மை ஒட்டியது. நெற்றியில் ஏறியிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு தாளை ஜன்னல் பக்கம் திருப்பினார். பல்லி இல்லை, பல்லியின் அச்சு. ஐந்தைந்தாக விரிந்த விரல்கள், விரல் நுனிச் சதையில் இருக்கும் மடிப்புகள், முதுகின் பொடிச் செதில்கள், இடப்பக்கம் வளைந்த வால், வாயோரத்தில் பாதி விழுங்கிய கொசுவின் ஒற்றைக் கால். முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவர். இத்தனை துல்லியமான அச்சு ஒன்று அவர் கையிலிருந்து வந்ததில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. பயம் இல்லை, பொறாமை.

அந்தத் தாளில் இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை சாயங்காலம், அவர் அச்சடித்தது ஒரு கிழங்கை. கிழங்கு தாளின் நடுவில் இருந்தது. பல்லி அதன் ஓரத்தில், கிழங்கைப் பார்த்துத் தலையை நீட்டிக்கொண்டு.

கம்பாசிட்டர் கருப்பனின் குறும்பு என்று முடிவு கட்டி அவனைக் கூப்பிட்டுக் காட்டினார். கருப்பன் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றபடியே எட்டிப் பார்த்தான். நாற்பது வயதானவன், குறும்பு செய்தால் ஒப்புக்கொண்டு சிரிக்கிறவன்.

"பல்லிய எவன் மொதலாளி புடிச்சு மை தடவுவான்? தொட்டாலே வாலப் போட்டுட்டு ஓடிரும். இதுல வாலு முழுசா இருக்கு பாருங்க" என்றான்.

நியாயம்தான். ஆவுடையப்பனின் அப்பா ஜவுளி வியாபாரி. துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தே எந்த ஊர்த் தறி என்று சொல்லும் மனுஷரின் பிள்ளை, நியாயமான பேச்சை ஒருநாளும் தள்ளமாட்டார். ஆனால் அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தெம்பில்லை. ஐப்பசி மழை பத்து நாளாக விடவில்லை. ஈரத்தில் முட்டி இரண்டும் வீங்கிக் கிடந்தன. இரவெல்லாம் உள் அறையில் மகள் புரண்டு படுக்கும் சத்தத்துக்கு அவரும் கூடவே புரண்டு கொண்டிருந்தார். தாளை எடுத்துப் போய் மறுபடியும் கழிவுத்தாள் அடுக்கின் மேலேயே போட்டார். அதன் ஜோடிகள் இரண்டு ஏற்கெனவே அங்கே கிடந்தன.

திருமயத்தில் கோட்டைக்குக் கீழே, பஸ் நிற்கிற இடத்துக்குப் போகும் தெருவில் அவர் வீடு. முன்பாதி அச்சகம், பின்பாதி குடித்தனம். கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்தவருக்கு செடிகளை அச்சடிக்கும் இந்த வேலை வந்தது அரிமளத்து சிவசாமி வைத்தியர் மூலமாக. நயா பைசா வந்த வருஷம் அது. அணாவில் பேரம் பேசிப் பழகிய வாய்கள் எல்லாம் தடுமாறிக்கொண்டிருந்த நேரம். வைத்தியர் மட்டும் தடுமாறாமல் பேசினார். தன்னிடம் படித்த பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு மூலிகைப் புத்தகம் வேண்டும், படம் வரைந்து பிளாக் வெட்டுகிறவன் கொடுத்த படத்தில் தும்பையும் துளசியும் ஒன்றாகத் தெரிகிறது, அதை நம்பி எவனாவது மருந்து கொடுத்தால் யார் பாவம், ஆகையால் செடியையே அச்சாக்கு என்றார்.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. செடியைப் பழைய காகிதத்துக்கிடையில் வைத்து மேலே பாரம் ஏற்றி இரண்டு நாள் விட்டால் தட்டையாகி வாடும். துணிப் பொட்டணத்தால் அதன்மேல் மையை லேசாக ஒற்றி, கை பிரஸ்ஸில் கிடத்தி, ஈரம் தெளித்த பெரிய கெட்டித் தாளை மேலே பரப்பி, கம்பளி போட்டு அழுத்தி எடுத்தால் செடியின் நரம்பு நரம்பாகத் தாளில் இறங்கிவிடும். செடிதான் அச்சு, செடிதான் படம். அடியில் நாலு வரி, அந்தச் செடியைப் பற்றி ஊரில் என்ன சொல்கிறார்களோ அது.

அந்த நாலு வரிகளைக் கோக்கும்போதுதான் ஆவுடையப்பனுக்குப் பொழுது போயிற்று. தாழம்பூ சிவனிடம் பொய்ச்சாட்சி சொல்லி மாட்டிக்கொண்டதாம், அன்றிலிருந்து பூஜையில் இடமில்லை. அதனாலென்ன, பெண்களின் சடையில் இடம் பிடித்துக்கொண்டது, நஷ்டமில்லாத வியாபாரம். மூன்றாம் கல்யாணம் செய்கிறவன் முதலில் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்ட வேண்டுமாம். மூன்றாவதாக வருகிறவளைப் பிடிக்கிற தோஷம் செடியோடு போய்விடும், நாலாவதாக வருகிறவள் பிழைத்துக்கொள்வாள். எருக்கிடம் யாரும் சம்மதம் கேட்டதாக அந்த நாலு வரியில் இல்லை. ஆவாரையைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோம், வீட்டுக்குள் வரக்கூடாதது வராது. இப்படிப் பத்தொன்பது செடி முடிந்தது.

இருபதாவது கண்வலிப்பூ. செங்காந்தள் என்று புத்தகத்தில் போடச் சொன்னார் வைத்தியர்.

மற்றச் செடிகளையெல்லாம் ஆள் மூலம் அனுப்பியவர் இதை மட்டும் தானே மடியில் கட்டிக் கொண்டுவந்தார். பூ, தீ பற்றிய மாதிரி மேல்நோக்கி மடிந்த ஆறு இதழ். நுனி சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும் இலை. கலப்பை போல இரண்டாகப் பிரிந்த கிழங்கு. அதன் கழுத்தில் மஞ்சள் நூல். தோண்டுமுன் செடிக்கு நூல் கட்டி, இன்ன காரியத்துக்கு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுப்பது அவர் வழக்கம். தாளின் கனத்துக்கும் மையின் தரத்துக்கும் அரை நாள் பேரம் பேசுகிற மனுஷர், செடியிடம் மட்டும் பேரம் பேசமாட்டார்.

"இது இழுக்குற சாதி ஆவுடையப்பா" என்றார். "பிள்ளை வராம மல்லுக்கட்டுறவளுக்கு இதை அரைச்சு அடிவயித்துல தடவினா, பிள்ளைய இழுத்துக் கொண்டாந்துரும். பிள்ளை தரையத் தொட்ட மறு நிமிசம் கழுவிரணும். போதும்ங்கிறது இதுக்குத் தெரியாது. பிள்ளைக்கு அடுத்து என்ன இருக்கோ அதையும் இழுக்கும்."

போதும் என்று தெரியாத ஆட்கள் பத்துப் பேரைத் தனக்கும் தெரியும் என்றார் ஆவுடையப்பன். தன் மிஷினுக்கு வயிறு இல்லை என்றும் சொல்லிப் பார்த்தார். வைத்தியர் சிரிக்கவில்லை.

"அது பட்ட எடத்த எல்லாம் கழுவிரு. கிழங்க மண்ணுக்குள்ள வச்சிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிமளம் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பின்பாதி வீட்டில் பிள்ளை சுமந்து ஒருத்தி இருப்பது அவருக்குத் தெரியாது. ஆவுடையப்பனும் சொல்லவில்லை. கேட்காத விஷயத்தைச் சொல்வது கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கிழங்கை நெடுக்காக இரண்டாக அறுத்து, அறுத்த முகத்தில் மை ஒற்றி அடித்தார். முதல் தாளில் சாறு ஊறி மை கலங்கிவிட்டது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும். மூன்று தடவையும் தாளை எடுக்கும்போது அது எளிதில் வரவில்லை. மை கொழகொழத்தால் தாள் ஒட்டுவது உண்டு. இது அந்த ஒட்டல் இல்லை. நுனியைப் பிடித்துத் தூக்கினால் மறுபக்கத்தில் யாரோ பிடித்திருந்துவிட்டு, மனமில்லாமல் விடுகிற மாதிரி வந்தது. பிறகு கிழங்கைத் துணியில் வைத்து நன்றாக ஒற்றி எடுத்து, சாம்பல் தூவி, மறுபடி மை போட்டு அடித்ததில் பன்னிரண்டு தாளும் சுத்தமாக வந்தன.

வேலை முடிந்ததும் சொன்னதைச் செய்தார். மைக்கல்லைக் கழுவினார். உருளையைக் கழுவினார். பிரஸ் படுகையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, மேலே தண்ணீர் விட்டும் கழுவினார். அறுத்த கத்தி, ஒற்றிய துணி, கம்பளி, தன் இரண்டு கை, ஒன்று விடவில்லை. கிழங்கைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தார். ஒரு வாடிக்கையாளர் சொன்ன வேலையில் குறை வைத்தார் என்ற பேச்சு அவர் தொழிலில் கிடையாது.

தாளைக் கழுவ வேண்டும் என்று எந்த அச்சுக்காரனுக்குத் தோன்றும்?

கெட்டுப்போன மூன்று தாளும் கழிவுத்தாள் அடுக்குக்குப் போயின. ஜவுளிக்கடைப் பிள்ளை காகிதத்தை எறியமாட்டார். அந்த வீட்டில் கழிவுத்தாள்தான் அலமாரிக்கு விரிப்பு, சாமானுக்குப் பொட்டணம், ஒழுகுகிற இடத்துக்கு மூடி.

புதன்கிழமை சாயங்காலம் மற்றத் தாள்கள் கொடியில் காய்ந்து சலசலத்தன. அடுக்கின் மேல் கிடந்த மூன்றும் காயவில்லை. அரிக்கேன் வெளிச்சத்தில் அவற்றின் மை, அப்போதுதான் ஒற்றியதுபோல, மினுமினுத்தது. பச்சைக் கிழங்கின் வாடை அடுக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. மண்ணும் துவர்ப்பும் கலந்த, வாயில் உமிழ்நீர் ஊற வைக்கிற வாடை. எங்கோ பல்லி ஒன்று உச்சுக் கொட்டியது. சுவரைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார். அங்கெல்லாம் இல்லை. மறுபடியும் கொட்டியது. சத்தம் அமுங்கலாக, கைக்குட்டைக்குள் கொட்டுவதுபோல, தாழ்வான இடத்திலிருந்து வந்தது.

மேல் தாளைப் பார்த்தார். பல்லியின் வால் வலப்பக்கம் வளைந்திருந்தது.

காலையில் எந்தப் பக்கம் பார்த்தோம் என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்தார். இடம் என்றது ஞாபகம். தாளைத் திருப்பி வைத்திருப்போம் என்றது அசதி. அசதிதான் ஜெயித்தது. கண்வலிப் பூவைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணுக்குக் கேடு என்று தானே கோத்த வரி நினைவுக்கு வர, போய் முகம் கழுவிக்கொண்டார். துண்டில் துடைக்கும்போது கட்டைவிரல் வழுவழுவென்றிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரேகை இல்லை. சோப்புக்கட்டி மாதிரி, குழந்தையின் கன்னம் மாதிரி, ஒரு கோடு இல்லாத விரல். மண்ணெண்ணெயிலும் ஈயத்திலும் கிடக்கிற கை தேய்வது சகஜம்தான். கையெழுத்துப் போடத் தெரிந்தது நல்லதாகப் போயிற்று, கைநாட்டு வைக்கச் சொன்னால் சர்க்கார் நம்மை ஆளே இல்லை என்றிருக்கும் என்று நினைத்துக் கொஞ்சம் சிரித்தார். தாளின் ஓரத்தில், பல்லிக்குப் பக்கத்தில், அவருடைய கட்டைவிரல் ரேகை சுழி சுழியாக, அத்தனை கோட்டோடும் இருந்ததை அவர் பார்த்தார். பார்த்தது சரிதானா என்று மறுபடி பார்க்கவில்லை.

உள்ளே வளையல் குலுங்கியது. அமிர்தவல்லி எழுந்து தண்ணீர் குடிக்கிறாள்.

ஒரே மகள். திருவரங்குளத்தில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் முழங்கை வரை ஏறியிருந்தன. அந்தச் சத்தத்தை வைத்தே அவள் அடுப்படியில் இருக்கிறாளா, கிணற்றடியில் இருக்கிறாளா என்று பிரஸ்ஸில் நின்றபடி சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே உள் அறையில் அவளைப் பெற்றுப் போட்டுவிட்டு அவளுடைய அம்மா கண்ணை மூடினாள். அன்று ஆவுடையப்பன் இதே பிரஸ்ஸுக்குப் பக்கத்தில், இதே முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து எந்தச் சத்தம் வந்தால் நல்லது, எந்தச் சத்தம் நின்றால் கெட்டது என்று அன்று படித்துக்கொண்ட பாடம் இன்னும் மறக்கவில்லை. இந்தத் தடவை அந்த அறை யாரையும் வைத்துக்கொள்ளாமல் விட வேண்டும். அவருக்கு வேறு வேண்டுதல் இல்லை.

வியாழக்கிழமை காலையில் அக்காள் அழகம்மாள் வந்து நின்றாள். அமிர்தவல்லியை வளர்த்தவள் அவள்தான். அவர் திருவிழா நோட்டீஸில் மூழ்கியிருந்தார். நாள் நெருங்கிவிட்டது, பாய்க்கு மேல் விரிக்க ஏதாவது வேண்டும், பழைய துணி எல்லாம் மழையில் காயாமல் கிடக்கிறது, கழிவுத்தாளில் கெட்டியாக நாலைந்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஆவுடையப்பன் தலையை நிமிர்த்தவில்லை. எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள் என்று கையை ஆட்டினார்.

பகலிலேயே பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. கண்மாய் உடைத்துக்கொள்ளும்போல இருக்கிறது என்று கருப்பன் பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டான். மூன்று மணிக்கு உள்ளே வளையல் சத்தம் மாறியது. நடக்கும்போது வருகிற குலுங்கல் இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வருகிற உரசல். அழகம்மாள் எட்டிப் பார்த்து, சின்னப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

மருத்துவச்சி சின்னப்பிள்ளையின் வீடு கோட்டைக்கு அந்தப் பக்கம். குடை இரண்டு தடவை மடங்கிக்கொண்டது. முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து, அவளையும் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து சேரும்போது வாசலிலேயே குழந்தையின் அழுகை கேட்டது. சின்னப்பிள்ளை ஈரக்காலோடு உள்ளே ஓடினாள். அவர் முக்காலியில் உட்கார்ந்தார். நல்ல சத்தம் கேட்டாயிற்று, இனி நிற்கக் கூடாத சத்தம் ஒன்று உண்டு. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். வளையல் குலுங்கியது. மகள் ஏதோ கேட்டாள், அழகம்மாள் பதில் சொன்னாள். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்.

அரை மணி கழித்துச் சின்னப்பிள்ளை வெளியே வந்தாள். வாயில் வெற்றிலை ஏறியிருந்தது. அதுவே நல்ல சேதி.

"பேத்தி பொறந்திருக்காங்கய்யா. தாயும் சொகம். நான் வந்து தொப்புள்கொடி அறுத்ததுதான் மிச்சம். இத்தன வருசத்துல இம்புட்டுச் சுருக்கா நான் பாத்ததில்ல. கீழ இருந்து யாரோ புடிச்சு இழுத்த மாதிரியில்ல வந்திருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவளுக்குக் கொடுக்க வேண்டிய புடவையை எடுத்துக் கொடுத்தார். பின்னாலேயே அழகம்மாள் மண்வெட்டியோடு வந்தாள். நஞ்சுக்கொடியைக் கொல்லையில் ஆழமாகப் புதைக்க வேண்டும், மழையில் நாய் தோண்டிவிடும், சின்னப்பிள்ளை விளக்குப் பிடிக்கட்டும் என்றாள். அவளுக்கும் முகம் தெளிந்திருந்தது.

"நல்ல தாளு தம்பி அது. அம்புட்டு ரத்தமும் எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல. ஒரு சொட்டு நிக்கல, துடைச்ச மாதிரி இருக்கு. சரி, அசந்து தூங்குறா, எழுப்பி மாத்த வேணாம்னு அதும்மேலயே விட்டுட்டேன். சேலைய மட்டும் போத்திவிட்டிருக்கேன்."

இருவரும் கொல்லைப் பக்கம் போனார்கள். கதவு திறந்து மூடியது. மழைச் சத்தம் பெரிதாகிச் சிறிதாயிற்று.

ஆவுடையப்பன் மாப்பிள்ளைக்குக் கார்டு எழுத உட்கார்ந்தார். மேஜைமேல் அரிக்கேன். பேனாவைத் திறந்தபோது கட்டைவிரல் வழுக்கியது. அந்த வழவழப்பைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

நல்ல தாள்.

கெட்டித் தாள்.

திரும்பிக் கழிவுத்தாள் அடுக்கைப் பார்த்தார். மேலே கிடந்தது சினிமா நோட்டீஸ். எழுந்து போய் அதைத் தூக்கினார். அடியில் இன்னொரு நோட்டீஸ். பத்து, இருபது தாள் புரட்டினார். கிழங்கு வாடை அடுக்கில் இல்லை. காதை வைத்துக் கேட்டார். அடுக்கு ஊமையாக இருந்தது.

பல்லியின் சத்தம் உள் அறைப் பக்கமிருந்து வந்தது.

போதும் என்று இதற்குத் தெரியாது. வைத்தியர் சொன்ன மாதிரியேதான் காதில் விழுந்தது. பட்ட இடத்தையெல்லாம் கழுவிரு. கல்லைக் கழுவினேன். கத்தியைக் கழுவினேன். கையைக்கூடக் கழுவினேன்.

வளையல் குலுங்கியது. நின்றது. மறுபடி குலுங்கியது. ஆனால் அது கையில் கிடக்கிற வளையலின் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பாவின் கடைக்கு எதிர்க்கடைக்காரர் வளையலைக் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார். வாங்கினவர்கள் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கேட்கும்.

காகிதத்துக்குள் கிடக்கிற வளையல்.

நடையில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தார். எட்டடி தூரம்தான் உள் அறை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கிழங்கு வாடை ஒவ்வொரு அடிக்கும் ஏறியது. வாயில் உமிழ்நீர் ஊறியது. கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினார்.

மாடத்தில் விளக்கு. சுவரோரம் பாய். பாயின்மேல் நீலச் சேலை போர்த்தியிருந்தது. பக்கத்தில் துணிச்சுருளில் குழந்தை. விழித்திருந்தது. அழவில்லை.

சேலை தட்டையாகக் கிடந்தது.

"அமிர்தவல்லி" என்றார்.

சேலைக்கடியில் வளையல் குலுங்கியது.

குனிந்து நுனியைப் பிடித்துத் தூக்கினார். சேலை லேசாக வந்தது. அடியில் ஆள் இல்லை. தாள் இருந்தது. மூன்று தாள், ஓரத்தோடு ஓரம் ஒட்டி விரித்திருந்தது. கலங்கிய கிழங்கு எதிலும் இல்லை.

மூன்றிலும் சேர்த்து அமிர்தவல்லி இருந்தாள்.

அவிழ்ந்த கூந்தல், மயிர் மயிராக. நெற்றியின் வியர்வைத் துளி. மேலுதட்டின் மச்சம். கழுத்தில் தாலிக்கயிற்றின் முறுக்கு. வெடித்த குதிகாலின் கோடுகள். கையில் வளையல்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக. மூடிய இமையின் ரோமங்கள்கூட எண்ணுகிற மாதிரி. காலடியில் ஒரு பல்லி. எந்த நரம்பும் விடுபடவில்லை. எங்கும் மை கலங்கவில்லை.

மை இன்னும் காயவில்லை.

அவளுடைய வலது கை பிள்ளையை நோக்கி நீண்டிருந்தது. விரல் நுனிகள் தாளின் ஓரத்தைத் தொட்டிருந்தன. அந்த ஓரத்தில்தான் துணிச்சுருள் நெகிழ்ந்து குழந்தையின் பாதம் வெளியே வந்து கிடந்தது. பாதத்துக்கடியில், தாளில், புத்தம் புதிய ரேகைகளோடு, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குதிகால்.

இடது கையால் குழந்தையை அள்ளினார்.

முழுசாக வரவில்லை. மறுபக்கத்தில் யாரோ பிடித்திருந்தார்கள்.

இழுக்க முடியாது. விட முடியாது. அடுத்த கையில் செம்பு. கழுவினால் பிள்ளையின் பாதம் விடும். கழுவினால் அமிர்தவல்லி போய்விடுவாள். செம்பு சாய்ந்தது. செம்பின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. தாளில் அவள் கன்னம் இருந்த இடத்தில் மை கரைந்து, காது வரைக்கும் ஓடியது.

சேலை விலகிய தாளுக்கடியில், வெகு ஆழத்திலிருந்து வருவதுபோல, வளையல்கள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கின.

கொல்லைக் கதவு திறந்தது. மழைச் சத்தம் உள்ளே வந்தது. அடுப்பிலிருந்து அண்டாவை இறக்குகிற சத்தம். அதைத் தூக்கிக்கொண்டு நடைவழியே வருகிற அழகம்மாளின் கால்சத்தம்.

"தம்பி, அவள எழுப்பு. வெந்நி கொண்டாரேன், ஒடம்பக் கழுவிவிட்டுருவோம்."

ஆவுடையப்பன் திரும்பவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடியிருந்த இமைகள் தாளில் திறந்திருந்தன. அவை அவரைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தன.